அடுக்களைக் கழிவு போட்டும் பூச்செடி தேறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"வாழப்பழத் தோலு போடுதேன், முட்டத்தோடு போடுதேன், தேயிலைச் சக்கையும் போடுதேன். பொறவும் செம்பரத்தி வெளுத்துக்கிட்டுத்தான் போவுது." தக்கலைப் பக்கம் எங்கள் தெருவில் மட்டும் இந்தப் புலம்பலை நாலைந்து பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் ஒருத்தி நானே.

கழிவு போடுவது தப்பில்லை. எந்தக் கழிவை, எந்த மண்ணில், எந்த மாதத்தில், தண்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்பதில்தான் கோளாறு வருகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று செரித்து விடுவதைத்தான் வேர் எடுத்துக்கொள்கிறது. அதற்குக் காற்றும் ஈரமும் வேண்டும், நாளும் ஆகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மேற்கே போனால் வெட்டுக்கல்லும் சரளையும் கலந்த புளிப்பு மண், கடற்கரையில் மணல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றில் காயும் நிலம். போதாததற்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மாடித்தோட்டம் வைத்திருப்பவர் சொல்லும் யோசனை இங்கே அப்படியே பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

மருந்து தேடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மஞ்சளானது தளிரா, அடியிலையா? விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டால் ஈரமா, காய்ச்சலா? கடந்த இரண்டு மாதத்தில் அந்தச் செடிக்கு எதையெல்லாம் போட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வீட்டில் உள்ள எல்லோரையும் விசாரிக்க வேண்டும். நான் போடாத சாம்பலை மாமியார் போட்டிருந்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தளிர் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

அந்தச் சாம்பல் கதை இதுதான். எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இன்னும் விறகடுப்பில்தான் காய்கிறது. தினமும் ஒரு சிரட்டை சாம்பல் மிஞ்சும். கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்ற தெத்திச் செடிக்கு, அதாவது இட்லிப்பூவுக்கு, அது தவறாமல் போய்க்கொண்டிருந்தது. புதுத்தளிர் எலுமிச்சை நிறத்தில் வந்தது, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. பிறகு வந்த தளிர் ஏறக்குறைய வெள்ளை.

இது இரும்புச் சத்து கிடைக்காததன் அடையாளம். வேடிக்கை என்னவென்றால், நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மண் நிறைய இரும்பு இருக்கிறது, ஆனால் மண் காரமாகிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. விறகுச் சாம்பல் மண்ணைக் காரமாக்கும், அதுவும் வேகமாக. முட்டைத்தோடும் சுண்ணாம்புதான், ஆனால் தோடு கரைய ஆண்டுக்கணக்காகும் என்பதால் அது அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, அவ்வளவு நன்மையும் செய்வதில்லை. தெத்தி, செம்பருத்தி இரண்டும் சற்றே புளிப்பான மண்ணை விரும்புபவை. கார அமில அளவு (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அவற்றுக்கு நிம்மதி.

செய்ய வேண்டியது: சாம்பலை நிறுத்துங்கள். மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, நன்றாக மக்கிய இலைமக்கை இரண்டு அங்குலம் பரப்புங்கள். தளிர் ரொம்ப வெளுத்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் இரும்பு சல்பேட்டும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெள்ளையடித்த சுவரிலும் டைல்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது. பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போதும். அடுத்து வரும் தளிரைப் பார்த்துத்தான் குணமாகிறதா என்று சொல்ல முடியும். வெளுத்துப்போன பழைய இலை முழுசாகத் தேறாது.

சாம்பலே போடாத வீட்டிலும் இது வரலாம். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கழிவு அடியில் கிடக்கலாம், கடலோரத்தில் சிப்பித்தூள் கலந்த மணலாக இருக்கலாம். ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த இடத்தில் தெத்தியோடு மல்லுக்கட்டுவதைவிட அங்கே அரளியை வைத்துவிட்டு, தெத்தியைத் தொட்டிக்கு மாற்றுவது நல்லது.

சாம்பலை வீணாக்க மனசில்லை என்றால் வாழைக்கும் தென்னைக்கும் கொடுங்கள். எங்கள் தெத்தி நாலு மாதத்தில் தேறியது. மாமியார் இப்போது சாம்பலை வாழைமூட்டில் போடுகிறார், அதுவும் ஜோராக இருக்கிறது.

அடியிலை மஞ்சள்

இதில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும்.

இலை முழுக்க ஒரே சீராக வெளுத்து, செடியும் வளராமல் நின்றுவிட்டால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதவில்லை. கழிவு போட்டும் எப்படிப் போதாமல் போகும்? மரத்தூள், கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) வரும் நார்க்கழிவு, காய்ந்த இலை போன்றவற்றை மக்க வைக்காமல் மண்ணில் கலந்திருப்பீர்கள். மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய நூறு பங்கு கரிமம் இருக்கும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்து வேண்டும். கழிவில் இல்லாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். 50 கிராம் கடலைப்பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரைச் சுற்றி ஊற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. மரத்தூளை மண்ணுக்கு மேல் மூடாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது, மண்ணோடு கிளறிச் சேர்க்கும்போதுதான் வரும்.

இரண்டாவது வகையில், அடியிலையில் நரம்பை ஒட்டிப் பச்சை நிற்க, நடுப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இது மக்னீசியக் குறை. மழை கொட்டும் நம் மண்ணில் மக்னீசியம் கரைந்து ஓடிவிடும். தென்னைக்கு மக்னீசியம் சல்பேட் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அதோடு வாழைப்பழத் தோல் அளவுக்கு மீறிப் போனால் நிலைமை மோசமாகும். தோலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், அதிகம். அது மண்ணில் கூடினால் மக்னீசியத்தை வேர் எடுக்கவிடாமல் தடுக்கும். மட்டிப்பழமும் ஏத்தன்பழமும் (நேந்திரம்) தினமும் உரிகிற வீடுகள் நம்முடையவை. சிப்ஸ் போடும் நாளில் ஒரு கடவம் (ஓலைப்பெட்டி) ஏத்தன் தோல் சேரும், அத்தனையையும் ஒரே செம்பருத்தியின் மூட்டில் கொண்டு தட்டினால் என்ன ஆகும்! வாழைத்தோல் போட்டால் பூவாகப் பூக்கும் என்பதில் பாதிதான் உண்மை. பொட்டாசியம் பூவுக்கு உதவும், ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தோலில் சொற்பம். தோலை நறுக்கி மற்றக் கழிவோடு உரக்குழியில் போடுங்கள். இப்போதைக்கு ஒரு லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் கலந்து பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை இலையில் தெளியுங்கள்.

மண் ஈரமாகவே இருக்கிறது, செடி மட்டும் வாடி நிற்கிறது

இதைக் கண்டவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணில் ஈரம் இருந்தும் இலை தொங்கினால் வேர் மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்றால், செடிக்குப் பக்கத்தில் ஒரு குழி எடுத்து அடுக்களைக் கழிவைப் போட்டு மூடுகிறோம். மேற்குப் பகுதியில் ஓரடி தோண்டினாலே மம்பட்டி 'ணங்' என்று சரளையில் முட்டும். அந்தக் குழி தண்ணீர் வடியாத தொட்டி மாதிரி. இடவப்பாதி மழையில், அதாவது ஜூன் மழையில், அதில் தண்ணீர் நிறையும். அழுகும் கழிவு இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும். பக்கத்து வேரெல்லாம் கறுத்துப்போகும்.

சந்தேகமாக இருந்தால் ஓரமாக ஒரு பிடி மண்ணைத் தோண்டி முகர்ந்து பாருங்கள். அழுகின முட்டை வாடை வந்தால் அதேதான். கழிவை முழுக்கத் தோண்டி வெளியே எடுத்து, குழியை ஓரிரு நாள் திறந்து விடுங்கள். கறுத்துக் கொழகொழவென்று இருக்கும் வேரை வெட்டி, மேல்கிளையிலும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். மிச்சமுள்ள வேரால் அவ்வளவு இலையைத் தாங்க முடியாது. சின்னச் செடியானால் பிடுங்கி, அரையடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுவது உத்தமம். எந்த உரமும் வேண்டாம், புதுத்தளிர் வரும்வரை பொறுங்கள்.

இனிமேல் குழி எடுக்கும் முன் ஒரு சோதனை. ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தண்ணீர் மூன்று நாலு மணி நேரத்தில் வடிந்தால் சரி. மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே எதையும் புதைக்கக் கூடாது. வடிந்தாலும் தண்டுக்கு ஒட்டிப் புதைக்க வேண்டாம். கிளைநுனிக்கு நேர்கீழே, தண்டிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், அக்டோபர், நவம்பரிலும் நான் புதைப்பதே இல்லை. அந்த மாதங்களில் எல்லாம் கூரைக்கடியில் உள்ள குவியலுக்குத்தான் போகும்.

இலை தளதளவென்று, பூ மட்டும் இல்லை

மீன் கழுவிய தண்ணீர், கடலைப்பிண்ணாக்கு, மாட்டு மூத்திரம், எல்லாம் தாராளமாகக் கிடைத்த செடி இப்படித்தான் இருக்கும். தழைச்சத்து கூடினால் செடிக்கு இலை போடவே நேரம் சரியாக இருக்கும். இரண்டு மாதம் இவற்றை நிறுத்திவிட்டு மக்கிய உரம் மட்டும் கொடுங்கள்.

ஆனால் பாதிப் பேருக்கு இது உரக் கோளாறே இல்லை. நிழல். பிச்சியும் (ஜாதிமல்லி) மல்லிகையும் ஆறு மணி நேர வெயிலாவது கேட்பவை. நட்டபோது வெயிலாக இருந்த இடத்தில் இப்போது பலாவும் தென்னையும் கவிந்து நிற்கும். நாம் கீழே குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம், அண்ணாந்து பார்ப்பதில்லை.

அடுத்தது கவாத்து. தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுவரும் ஒருவரிடம் என் பிச்சி பூக்கவில்லை என்றேன். உரத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன், "எப்ப வெட்டுனீங்க?" என்றுதான் கேட்டார். வெட்டவே இல்லை என்றதும் சிரித்துவிட்டார். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்பது வழக்கமான பரிந்துரை. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியை வெட்டிவிடலாம். கை நடுங்கும், ஆனாலும் வெட்டுங்கள். வெட்டிய பிறகு இலையை உருவிவிட்டு, ஒரு செடிக்கு அரைக் கடவம் மக்கிய உரம் போட இதைவிட நல்ல சமயம் கிடையாது. செம்பருத்தி புதுக்கிளையில் பூப்பது, ஆகவே லேசாக வெட்டினால் போதும். தெத்தியை வேலி மாதிரி மாதாமாதம் மட்டம் தட்டினால் நுனியில் வரவேண்டிய மொட்டும் சேர்ந்து போய்விடும்.

மொட்டு உதிர்கிறது

உதிர்ந்த மொட்டைக் கீறிப் பாருங்கள். செம்பருத்தி மொட்டுக்குள் பொடிப்பொடியாகப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. பிச்சி மொட்டு ஊதா நிறமேறி விரியாமல் நின்றாலும் அப்படியே. ஓட்டை போட்டு நூலாம்படை கட்டியிருந்தால் மொட்டுப்புழு. உதிர்ந்ததையெல்லாம் தினமும் பொறுக்கி, கவரில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அங்கிருந்து மறுபடி செடிக்கே வரும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை: மூன்று நாள் மறந்துவிட்டு நாலாம் நாள் குடம்குடமாக ஊற்றியிருப்பீர்கள்.

உரக்குழி நாறுகிறது

நாற்றத்திலேயே காரணம் தெரிந்துவிடும். அழுகின முட்டை வாடை என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் மீனும் சாணியும் கூடிப்போய்க் காய்ந்த சருகு குறைவு. புளித்த வாடை என்றால் சோறும் கஞ்சியும் ஒரே கட்டியாகக் கிடக்கிறது.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: கிளறி, சருகு சேர்க்க வேண்டும். ஒரு வாளி அடுக்களைக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு என்பது கணக்கு. ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. மழைக்காலத்தில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ரப்பர் விளை (தோட்டம்) பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்ந்து மெத்தை மாதிரிக் கிடக்கும். விளைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பத்துச் சாக்கு கட்டி விறகுப்புரையில் வைத்துக்கொண்டால் ஐப்பசி அடைமழை முடியும்வரை வரும். மாவிலையும் பலா இலையும் நல்லதுதான், கொஞ்சம் நொறுக்கிப் போட வேண்டும்.

மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைத் தோலில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. குவியலில் மக்கும்போது அது சிதைந்துவிடும், உரத்துக்குப் பயமில்லை. ஆனால் ஆடு வாய்வைக்கும் இடத்தில் பச்சையாகக் குவித்துவைக்கக் கூடாது.

குழியில் புழு

இதில்தான் தென்னை நிறைந்த நம் ஊர் போன்ற இடங்களுக்கு உரிய ஒரு வினை இருக்கிறது, கொஞ்சம் நின்று கவனியுங்கள்.

அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை நீளம், தட்டையான உடம்பு, சாம்பலும் பழுப்புமான நிறம், தொட்டால் தோல் போலக் கெட்டி. இப்படிப்பட்ட புழு நூற்றுக்கணக்கில் நெளிந்தால் பயப்படாதீர்கள். அது கறுப்புப் படைவீரன் ஈ என்பதன் புழு. நம் சோற்றில் வந்து மொய்க்கும் ஈ அதுவல்ல, இந்தப் படைவீரன் ஈக்குத் தின்பதிலேயே நாட்டமில்லை. புழு கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். கோழி வளர்க்கிறவர்களுக்கு அது இலவசத் தீவனம். பார்க்க அருவருப்பாக இருந்தால் மேலே ஒரு சாண் சருகு போட்டு மூடிவிடுங்கள்.

ஆனால் கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு கிடக்கும் புழுவைக் கண்டால் விடவே கூடாது. அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. மக்கும் சாணியிலும் உரக்குழியிலும் உளுத்த தென்னந்தடியிலும்தான் அந்த வண்டு முட்டையிடும். பூச்செடிக்கு அதனால் பெரிய கேடில்லை. வண்டாகிப் பறந்த பிறகு நம் தென்னையின் குருத்தைத்தான் குடையும், குருத்தோலை கத்தரிக்கோலால் வெட்டியது போல விரியும். நாலு செம்பருத்திக்கு உரம் செய்யப் போய் பக்கத்து விளைக்காரரின் தென்னையைப் பறிகொடுக்க வைத்தால் அப்புறம் முகத்தில் விழிக்க முடியாது.

முட்டையிலிருந்து வண்டாக நாலு முதல் ஆறு மாதம் ஆகும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவியலை அடிவரை புரட்டிப் பொறுக்கினாலே ஒரு புழுவும் வண்டாகாது. நான் புரட்டும் நாளில் கோழிகளை அவிழ்த்துவிடுவேன், மீதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும். குழி பெரிதாக இருந்தால் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணம் கலக்கலாம். புழுவின் மேல் அது வளர்ந்து கொன்றுவிடும். திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ அது பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். மக்கின உரத்தைச் செடிக்குப் போடும் முன்பும் ஒருமுறை சலித்துவிடுவது நல்லது.

நாய், பூனை, எலி தோண்டுகிறது

மீன் கழிவு. வேறென்ன?

குளச்சல் மீன் வாசலுக்கு வந்த நாளில் சாளைத் தலையும் குடலுமாக ஒரு சட்டி நிறையும். ரோஜாவுக்கு நல்லது என்று அரையடி ஆழத்தில் புதைத்தேன். காலையில் ரோஜா ஒரு பக்கம், குழி ஒரு பக்கம், தெருநாய்க்கு மட்டும் திருப்தி. ஓரடிக்கு மேல் ஆழமாகப் புதைத்து மேலே கல்லோ முள்ளோ வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் முன்பு சொன்ன சரளை நம்மை அந்த ஆழத்துக்கு விடாது.

அதனால் மீனமிலம் செய்துவிடுவது சுலபம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை. கருப்பட்டிதான் வேண்டும் என்பதில்லை. விற்கும் விலைக்கு அதை நாம் தின்னலாம், செடிக்குச் சாதாரண வெல்லம் போதும். பிளாஸ்டிக் வாளியில் நன்றாகப் பிசைந்து, வாயைத் துணியால் கட்டிவிட்டு மூடியை லேசாக வையுங்கள். இறுக்கி மூடினால் காற்று பெருகி வெடிக்கும். மூன்று வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் மீன் கரைந்து, தேன் போன்ற திரவமாகும். நாற்றம் குறைந்து பழவாடை அடிக்கும். இன்னும் அழுகல் நாற்றமே அடித்தால் வெல்லம் போதவில்லை, சேருங்கள். வடிகட்டி, லிட்டருக்கு 5 மில்லி என்ற கணக்கில் மாதம் இரண்டு முறை வேருக்கு ஊற்றலாம். இதுவும் தழைச்சத்துதான். 'இலை தளதளவென்று' என்ற பகுதியை மறந்துவிட வேண்டாம்.

எறும்பு ஏறுகிறது, தண்டில் வெள்ளைப் பஞ்சு

பழத்தோலும் வெல்லத் தண்ணீரும் எறும்பை அழைத்து வரும். எறும்பு தனியாக வராது, மாவுப்பூச்சியையும் வளர்க்கும். அது கசியும் இனிப்பை நக்குவதற்காக அதை எதிரிகளிடமிருந்து காவல் காக்கும். செம்பருத்திதான் இவற்றுக்குப் பிடித்த வீடு. பஞ்சு படிந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பழத்தோலைச் செடியடியில் திறந்து போடுவதை நிறுத்தாமல் இதைச் செய்து பயனில்லை.

இலை நுனி கருகுகிறது

உப்பு. உப்புப் போட்ட கஞ்சி, ஊறுகாய் மிச்சம், கருவாடு அலசிய தண்ணீர் இவை எதுவும் செடிக்கு ஆகாது. தொட்டிச் செடியில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அடியில் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக மூன்று நாலு வாளி ஊற்றி வடியவிடுங்கள். அரிசி களைந்த கழுநீர் தாராளமாகப் போகலாம், அதில் உப்பில்லை.

மாதக்கணக்காகியும் மக்கவில்லை

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இந்தக் குறை அதிகம். காற்றில் குவியல் காய்ந்துபோகும், காய்ந்தால் நுண்ணுயிர் வேலை நிறுத்தம் செய்துவிடும். சுற்றி ஓலை கட்டி, வாரம் ஒரு குடம் தண்ணீர் தெளியுங்கள். குவியல் மூன்றடி உயரமாவது இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும்.

கிழக்கோ மேற்கோ, சிரட்டையும் முழுக் கதம்பையும் மாங்கொட்டையும் உங்கள் ஆயுளில் மக்கப் போவதில்லை. சிரட்டையை அடுப்புக்குக் கொடுங்கள். கதம்பையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க மல்லாத்தி, செடியைச் சுற்றி ஒரு வட்டமாகப் புதைத்துவிட்டால் கோடையில் ஈரம் காக்கும். தண்ணீரில் ஒரு வாரம் போட்டு, அந்தக் கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதைப்பது இன்னும் நல்லது.

இரவில் வந்து தளிரைத் தின்கிறது

மழைக்காலக் காலையில் தளிர் காணாமல் போய், பளபளவென்று ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருந்தால் நத்தை. ஈரமான கழிவுக்குவியல் அதற்குச் சத்திரம். கேரளத்தில் பல ஊர்களை ஆட்டிவைக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தைக்குக் களியக்காவிளையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். இரவில் ஈரச்சாக்கை விரித்து, அதன்மேல் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டுவைத்தால் விடிகாலையில் கூட்டமாக அங்கே இருக்கும். உறையோ கவரோ மாட்டிக்கொண்டு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் போடுங்கள். அந்தக் கரைசலைப் பூச்செடி இருக்கும் பக்கம் கொட்டிவிடாதீர்கள், மறுபடி 'இலை நுனி கருகுகிறது' என்று வந்து நிற்க வேண்டியிருக்கும்.

உரம் போட்ட இடத்தில் தக்காளி முளைக்கிறது

இது கோளாறே இல்லை. குவியல் போதுமான அளவு சூடாகவில்லை, விதை பிழைத்துவிட்டது, அவ்வளவுதான். செடிக்குப் போட்டியாக வளர்ந்தால் பிடுங்கிவிடுங்கள். எங்கள் பிச்சிப் பந்தலுக்குக் கீழே போன மாசியில் ஒரு மிளகாய்ச் செடி தானாக வந்தது. பிடுங்கலாம் என்று போனேன், அதற்குள் நாலு காய் பிடித்திருந்தது. இன்னும் நிற்கிறது.